கான்கிராந்தே தெல்லா ஸ்காலா: விருந்தாளி சொன்னதை நம்புவதா, கைதி சொன்னதை நம்புவதா?

ஆற்றங்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. போன மாதம் வேலை விஷயமாக வட இத்தாலி போயிருந்தேன். ஒரு ஞாயிறு முழுக்க வெரோனாவில் சுற்றக் கிடைத்தது. ஊருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஜூலியட் வீட்டு மாடத்தைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். நான் காஸ்தெல்வெக்கியோ கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே பார்த்த ஒரு சிலை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

குதிரைமேல் ஒரு வீரன், எல்லாம் கல். குதிரைக்கு உடம்பு முழுக்க துணி போர்த்தியிருக்கிறது. அதன் தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. வீரனின் தலைக்கவசம் கழற்றி முதுகில் தொங்குகிறது, அதன் உச்சியில் இறக்கை வைத்த நாய்த்தலை. கையில் வாள். இதெல்லாம் சரி, போர்வீரன் சிலை என்றால் இப்படித்தான் இருக்கும். ஆனால் இவர் சிரிக்கிறார். மெல்லிய புன்னகை இல்லை, பல் தெரியச் சிரிக்கிறார். இது அவருடைய கல்லறையின் உச்சியில் வைப்பதற்காகச் செய்த சிலை என்பது தெரிந்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் நகரவே முடியவில்லை.

அவர் கான்கிராந்தே தெல்லா ஸ்காலா. பிறப்பு 1291. அண்ணன் அல்போய்னோவோடு சேர்ந்து இளம் வயதிலேயே ஆட்சிக்கு வந்தவர். 1311 கடைசியில் அண்ணன் இறந்ததும் தனி ஆளாக வெரோனாவை ஆண்டார். விசென்சா, பதுவா, திரெவீசோ என்று பக்கத்து நகரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார். 1329 ஜூலை 18 அன்று திரெவீசோவுக்குள் நுழைந்தார். ஜூலை 22 அன்று அங்கேயே இறந்துபோனார். வயது 38.

ஊர் திரும்பியதிலிருந்து இவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் உறுத்துகிறது. இவரை உயர்த்திப் பேசியவர்களில் முதல் ஆள் இத்தாலியக் கவிஞர் தாந்தே. அவர் இவர் வீட்டில் சாப்பிட்டவர். இவரைப் பற்றி விரிவாக எழுதிய இன்னொருவர் பதுவா நகரத்து எழுத்தாளர் அல்பெர்த்தீனோ முசாத்தோ. அவர் இவரிடம் போர்க்கைதியாக இருந்தவர். விருந்தாளி ஒருவர், கைதி ஒருவர். இரண்டு பேர் சொன்னதையும் வைத்துக்கொண்டு இந்த மனிதரை எப்படிப் புரிந்துகொள்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

தேன்மொழி_வாசகி

நல்ல இழை, தொடங்கியதற்கு நன்றி. முதலில் ஒரு சின்ன விஷயம். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் பதுவாவைப் பல தலைமுறையாகப் "பதுவை" என்றுதான் சொல்கிறார்கள். பதுவை அந்தோனியார் என்றால் எல்லோருக்கும் தெரியும். நானும் பதுவை என்றே எழுதுகிறேன்.

தாந்தே பற்றி. "வீட்டில் சாப்பிட்டவர், அதனால் புகழ்ந்தார்" என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது. அவருடைய "தெய்வீக நாடகம்" (Divine Comedy) காவியத்தில், சொர்க்க காண்டத்தின் 17ஆம் பாடலில்தான் கான்கிராந்தேயின் புகழ் வருகிறது. காசையும் பாடுகளையும் பெரிதாக நினைக்காதவன் என்று அங்கே சொல்கிறார். கதை நடக்கும் 1300ஆம் ஆண்டில் அவனுக்கு வயது ஒன்பதுதான் என்பதையும் கவனமாகக் குறிப்பிடுகிறார். ஆனால் அதற்குச் சில வரிகள் முன்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். அடுத்தவர் வீட்டுச் சோறு எவ்வளவு உப்புக் கரிக்கும், அடுத்தவர் வீட்டுப் படி ஏறி இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தாந்தேயின் முப்பாட்டன் அவரிடம் சொல்கிறார். நாடு கடத்தப்பட்டவனின் வலி அது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. "ஸ்காலா" என்றால் இத்தாலிய மொழியில் ஏணி, படிக்கட்டு. இந்தக் குடும்பத்தின் சின்னமே ஏணிதான். படி ஏறுகிற கஷ்டத்தைச் சொல்லிவிட்டு, உடனே ஏணிக் குடும்பத்தைப் புகழ்கிறார். உதவி செய்த வீட்டைப் பாராட்டும்போதே அந்த உதவியை வாங்கிக்கொள்வதன் கசப்பையும் பக்கத்தில் வைத்துவிட்டார்.

தாந்தேயை முதலில் ஆதரித்தவர் கான்கிராந்தேயின் மூத்த அண்ணன் பார்த்தொலொமேயோ என்பதுதான் பொதுவான கருத்து. அவர் 1304இல் இறந்துவிட்டார். தாந்தே கான்கிராந்தேயிடம் வந்தது பின்னால்.

இன்னும் ஒன்று. அதே காவியத்தின் கழுவாய்க் காண்டம் 18ஆம் பாடலைப் படியுங்கள். சான் சேனோ மடத்துக்குத் தகுதியில்லாத தன் மகனைத் தலைவனாக்கிய ஒருவனைக் குறிப்பிட்டு, அவன் ஒரு காலைக் கல்லறையில் வைத்துவிட்டான், சீக்கிரமே அழப்போகிறான் என்று எழுதியிருக்கிறார். அந்த ஒருவன் ஆல்பெர்த்தோ தெல்லா ஸ்காலா, கான்கிராந்தேயின் சொந்த அப்பா! ஆதரித்த குடும்பத்தையே இப்படி எழுதியவரைக் கூலிக்குப் பாடியவர் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

---

கேள்விக்குறி

தேன்மொழி, நீங்கள் சொன்ன 18ஆம் பாடல் விஷயம் எனக்குப் புதிது. மனதாரச் சொல்கிறேன், அருமை.

ஆனால் நான் கைதியின் பக்கம் நிற்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

1314 செப்டம்பர். விசென்சாவைத் திரும்பப் பிடிக்கப் பதுவைப் படை வருகிறது. ஊருக்கு வெளியே இருந்த சான் பியேத்ரோ பகுதிக்குள் புகுந்து கொள்ளையடிக்க ஆரம்பித்துவிடுகிறது. சேதி வெரோனாவுக்குப் போகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கான்கிராந்தே படை திரளும்வரை காத்திருக்கவில்லை. கிட்டத்தட்டத் தனியாகக் குதிரையில் பறந்து வருகிறான், விசென்சாவில் கிடைத்த ஒரு சிறு குதிரைப்படையைக் கூட்டிக்கொண்டு கோட்டை வாசலைத் திறந்து பாய்கிறான். கொள்ளையில் சிதறிக் கிடந்த பதுவைப் படை ஓடுகிறது. காயம்பட்டுப் பிடிபட்டவர்களில் ஒருவர் முசாத்தோ. பிடிபட்ட பெரிய மனிதர்களில் யாக்கொப்போ தா கர்ராராவும் உண்டு.

இதைச் சொல்வதே தோற்ற தரப்புதான் என்பதைக் கவனியுங்கள். எதிரியின் வேகத்தையும் துணிச்சலையும் முசாத்தோ மறைக்கவில்லை. கைதியாக இருந்தபோது தன்னை மரியாதையாக நடத்தினான் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் விடுதலையாகி ஊர் திரும்பியதும் அவர் செய்த வேலை என்ன? "எசெரீனிஸ்" என்று லத்தீனில் ஒரு துன்பியல் நாடகம் எழுதினார். அரை நூற்றாண்டுக்கு முன் அந்தப் பகுதியையே நடுங்க வைத்த எத்செலீனோ என்ற கொடுங்கோலனைப் பற்றிய நாடகம். பெயர்தான் எத்செலீனோ, குறி கான்கிராந்தே. பதுவை மக்களுக்கு அது உடனே புரிந்தது. 1315இல் அவருக்குப் புகழ்மாலை சூட்டி மரியாதை செய்தார்கள்.

எனக்கு மரியாதை கொடுத்தான், அதனால் அவன் நல்லவன் என்று அந்த மனிதர் எழுதவில்லை. தன் சொந்த அனுபவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரே ஆள் கையில் எல்லா அதிகாரமும் போனால் ஒரு ஊர் என்ன ஆகும் என்று யோசித்தார். எனக்கு அது தாந்தே செய்ததைவிடப் பெரிய காரியம்.

---

புதுவரவு_22

நானும் வெரோனா போயிருக்கிறேன். ஆதிஜே ஆற்றின்மேல் இருக்கும் அந்தச் சிவப்புச் செங்கல் பாலமும் கோட்டையும் இந்தக் கான்கிராந்தே கட்டியதுதானே? அவ்வளவு அழகு.

---

ஆற்றங்கரையான்

புதுவரவு, அங்கேதான் பலரும் குழம்புகிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கோட்டையும் பாலமும் 1350களில் வந்தவை. கட்டியவர் இரண்டாம் கான்கிராந்தே, நம்மவரின் அண்ணன் வழிப் பேரன். கோட்டை வெளிப்பகைவர்களுக்காக மட்டும் கட்டப்பட்டதில்லை. சொந்த ஊர் மக்கள் கிளம்பினால் பாலத்தைத் தாண்டி வடக்கே தப்பிப் போவதற்கும்தான். ஆனால் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1359இல் அவரைக் கொன்றவர் கூடப்பிறந்த தம்பி கான்சிஞோரியோ.

முதல் கான்கிராந்தே காலத்தில் அந்தக் கோட்டையே கிடையாது. அவர் ஊர் நடுவில், சாந்தா மரியா அந்திக்கா தேவாலயத்தை ஒட்டிய மாளிகையில் இருந்தார். கல்லறையும் அந்தத் தேவாலய வாசலுக்கு மேலேயே இருக்கிறது, தெருவில் போகிறவர்கள் தலை நிமிர்ந்தால் தெரியும். ஏணி பொறித்த கேடயங்களை நாய்கள் தாங்கிக்கொண்டு நிற்கும். உச்சியில் இப்போது இருப்பது நகல் சிலை. அசலைத்தான் அருங்காட்சியகத்தைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா ஒரு கான்கிரீட் மேடைமேல் அந்தரத்தில் நிறுத்தியிருக்கிறார். பக்கத்திலேயே நடைபாதை போகிறது. முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கலாம்.

---

குடவோலை

ஒரே ஆள் கையில் அதிகாரம் என்று கேள்விக்குறி எழுதியிருக்கிறார். அது எப்படிப் போனது என்பதையும் பேசினால்தான் இந்த மனிதர் புரிவார்.

வெரோனா மன்னராட்சி நடந்த ஊர் கிடையாது. அது ஒரு கொம்யூன், அதாவது நகரத்தார் அவை கூடி முடிவெடுக்கும் ஊர். பொதெஸ்தா என்று ஒரு பதவி இருந்தது. உள்ளூர்க் குடும்பச் சண்டைகளில் சாயாதவராக இருக்க வேண்டும் என்பதற்காக வெளியூர் ஆளைக் குறிப்பிட்ட காலத்துக்குச் சம்பளம் கொடுத்து வைப்பார்கள். அவர் நீதி சொல்வார், தவணை முடிந்ததும் போய்விடுவார். நல்ல ஏற்பாடு. ஆனால் ஊருக்குள் குவெல்ஃப், கிபெல்லின் என்று போப் கட்சியும் பேரரசர் கட்சியும் வெட்டிக்கொண்டால் வெளியூர் ஆளால் என்ன செய்ய முடியும்?

எத்செலீனோ 1259இல் செத்ததும் ஸ்காலா குடும்பத்தின் முதலாம் மாஸ்தீனோ மேலே வந்தார். 1262இல் "மக்கள் தலைவர்" ஆனார். 1277இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். உடனே நகரம் அவர் தம்பி ஆல்பெர்த்தோவைத் தேர்ந்தெடுத்தது, இந்த முறை ஆயுள் முழுவதற்கும். அந்த ஒரு முடிவில்தான் எல்லாம் மாறியது. அவையைக் கலைக்கவில்லை, பொதெஸ்தா பதவியை ஒழிக்கவில்லை. எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு தலைவருக்கு மட்டும் தவணை இல்லாமல் போனது. ஆல்பெர்த்தோவின் மூன்று மகன்களும் வரிசையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கான்கிராந்தே கடைசி.

அப்புறம் 1311இல் பேரரசர் ஏழாம் ஹென்றி இத்தாலிக்கு வந்தபோது அண்ணன் தம்பி இருவருக்கும் வெரோனாவின் பேரரசப் பிரதிநிதி என்ற பட்டம் கொடுத்தார். ஊர் கொடுத்த பதவி ஒன்று, பேரரசர் கொடுத்த பட்டம் ஒன்று. இரண்டும் சேர்ந்துவிட்டால் அசைக்கவே முடியாது. ஹென்றி 1313இல் இறந்தார். பேரரசர் இல்லாதபோது அவர் தந்த பட்டமும் இல்லை என்றார் போப் இருபத்திரண்டாம் யோவான். கான்கிராந்தே பட்டத்தை விடவில்லை. 1318இல் போப் அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். அதே ஆண்டில் வட இத்தாலியின் கிபெல்லின் கூட்டணி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 27.

ஆகவே எனக்கு அவர் எத்செலீனோ கிடையாது, மாவீரரும் கிடையாது. நகரம் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை அவர் திரும்பத் தரவில்லை, அவ்வளவுதான்.

---

கேள்விக்குறி

குடவோலை, அந்தக் கடைசி வரியைத்தான் முசாத்தோவும் சொல்கிறார். திரும்பத் தரவில்லை என்பதுதானே குற்றமே!

---

தேன்மொழி_வாசகி

அவர் அரண்மனையைப் பற்றி இன்னொரு சாட்சி இருக்கிறது. ரெஜ்ஜோ ஊரிலிருந்து துரத்தப்பட்டு வெரோனாவில் அடைக்கலம் இருந்த ஒரு வரலாற்றுக் குறிப்பாளர் எழுதியது. அடைக்கலம் வந்தவர்களுக்கு மாளிகையில் தனித்தனி அறைகள் இருந்தன என்கிறார். ஒவ்வோர் அறைக்கும் ஒரு சின்னம் தீட்டியிருந்தார்கள். போர்வீரர்கள் தங்கும் அறையில் வெற்றி, நாடு கடத்தப்பட்டவர்களுக்கு நம்பிக்கை, கவிஞர்களுக்குக் கலைத்தேவியர், கைவினைக் கலைஞர்களுக்கு ரோமானியக் கடவுள் மெர்க்குரி, மதப் போதகர்களுக்குச் சொர்க்கம். ஊரைவிட்டு விரட்டப்பட்டு, போக இடமில்லாமல் வருகிறவன் கதவைத் திறந்து "நம்பிக்கை" என்று தீட்டிய சுவரைப் பார்க்கிறான். அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ரோமைச் சேர்ந்த யூதக் கவிஞர் இம்மானுவேல் அந்த அரண்மனையின் சந்தடியைப் பற்றியே ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். பல நாட்டுக்காரர்களும் பல மதத்தாரும் அங்கே கலந்து பழகியது அதில் தெரிகிறது.

ஆனாலும் அங்கே தாந்தே நிம்மதியாக இருந்தாரா என்பது வேறு கேள்வி. இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா பின்னாளில் ஒரு சம்பவம் சொல்கிறார். அரண்மனைக் கோமாளியை எல்லோரும் கொண்டாடுகிறார்களே, அறிவாளியான உன்னை ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை என்று கான்கிராந்தே தாந்தேயிடம் கேட்டாராம். இனம் இனத்தோடுதானே சேரும் என்ற பொருளில் தாந்தே பதில் சொன்னாராம். ஒரு தலைமுறை கழித்து எழுதிய கதை, உண்மையோ பொய்யோ. ஆனால் மக்கள் அவர்கள் இருவரையும் அப்படித்தான் நினைவு வைத்திருந்தார்கள்.

---

மருந்துக்கடை

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். இலக்கியம் எனக்குத் தெரியாது. மருந்து தெரியும், அதனால் எழுதுகிறேன்.

2004இல் அவர் கல்லறையைத் திறந்தார்கள். உடல் இயற்கையாகவே காய்ந்து பதமாகி இருந்தது, உள்ளுறுப்புகள்கூட மிஞ்சியிருந்தன. பீசா பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்தது. முடிவுகள் 2015இல் வெளியாயின. குடலில் டிஜிட்டாலிஸ் செடியின் மகரந்தம். கல்லீரலிலும் மலத்திலும் அந்த வகைச் செடிகளில் இருக்கும் டிகாக்சின், டிஜிடாக்சின் என்ற பொருள்கள். கூடவே கெமோமில் பூவும் கறுப்பு மல்பெரியும்.

டிகாக்சின் என் கடையில் இன்றும் இருக்கிற மருந்து. இதய நோயாளிகளுக்குக் கொடுப்பது. மாத்திரை மிகச் சிறியது, மில்லிகிராமில் கால் பங்கு. குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறுகல். என் அப்பா அதைச் சாப்பிட்டவர். ஒரு தடவை அவருக்கு இரண்டு நாள் வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை, பார்க்கிறதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனையில் வயிற்றுக் கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாடித்துடிப்பு நாற்பதுக்குக் கீழே போன பிறகுதான் இரத்தத்தில் டிகாக்சின் அளவைப் பார்த்தார்கள். நல்லவேளை பிழைத்தார்.

அதனால்தான் கான்கிராந்தேயின் கடைசி நாட்களைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைய பதிவுகள் என்ன சொல்கின்றன? ஊற்றுத் தண்ணீர் குடித்தார், வாந்தி, பேதி, காய்ச்சல், சில நாளில் மரணம். வயிற்றுக் கோளாறு என்றே 675 வருடம் நம்பியிருக்கிறார்கள்.

கெமோமில் அமைதிக்குக் கொடுப்பது. மல்பெரி வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற துவர்ப்பு. இரண்டும் சேர்ந்தால் அது ஒரு கஷாயம். டிஜிட்டாலிஸ் அந்தக் கஷாயத்தோடு உள்ளே போயிருக்கலாம். தெரியாமல் விழுந்ததா, தெரிந்தே போட்டதா? பூக்காத டிஜிட்டாலிஸின் இலை காம்ஃப்ரே என்கிற மூலிகை இலையைப் போலவே இருக்கும், பறிப்பவர் ஏமாற வாய்ப்பு உண்டு. ஆனால் ஆய்வாளர்கள் விஷம் வைத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சொன்னார்கள். டிஜிட்டாலிஸை இதயத்துக்கு மருந்தாக முறைப்படி எழுதிவைத்தது 1785இல்தான். பின்னால் வெரோனாவில் அவருடைய டிஎன்ஏவை ஆராய்ந்தவர்கள் போம்பே நோய்க்கான மரபணு மாற்றம் இருந்ததாக அறிவித்தார்கள். தசையைத் தளரவைக்கும் அரிய நோய் அது. அப்படியானால் சாவுக்கு அது எவ்வளவு காரணம் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

அவருடைய மருத்துவர்களில் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள் என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த மருத்துவர் குற்றவாளியா, பாவம் மாட்டிக்கொண்டவரா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

---

புதுவரவு_22

மருந்துக்கடை ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அம்மாவின் மாத்திரைப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். நன்றி.

விஷம் என்றால் யார் வைத்திருப்பார்கள்?

---

குடவோலை

பெயர் சொல்லிச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. வெனிஸ், மிலான், சொந்த அண்ணன் மகன் இரண்டாம் மாஸ்தீனோ. கான்கிராந்தேக்கு ஜொவான்னாவோடு நடந்த திருமணத்தில் பிள்ளை இல்லை. மண உறவுக்கு வெளியே பிறந்த மகன்கள் உண்டு, அவர்களுக்கு ஆட்சி கிடைக்கவில்லை. அண்ணன் மகன்களான மாஸ்தீனோவும் இரண்டாம் ஆல்பெர்த்தோவும் வந்தார்கள். லாபம் அடைந்தவர் என்பதாலேயே ஒருவரைக் கொலைகாரர் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

பதுவை எப்படி விழுந்தது என்று இன்னும் யாரும் எழுதவில்லையே. 1320இல் கான்கிராந்தே அந்த ஊரை முற்றுகையிட்டு, கோரீசியா பிரபுவின் படை உதவிக்கு வந்ததால் படுதோல்வி அடைந்தார். தொடையில் காயத்தோடு மொன்செலீசேக்கு ஓட வேண்டியிருந்தது. பிறகு எட்டு வருடம். 1328 செப்டம்பரில் அவர் உள்ளே நுழைந்தபோது சுவரை உடைக்க வேண்டியிருக்கவில்லை. மார்சீலியோ தா கர்ராரா என்ற பதுவைத் தலைவரே பேரம் பேசி ஊரைக் கொடுத்தார். கர்ராரா வீட்டுப் பெண் தத்தேயாவை மாஸ்தீனோவுக்குக் கட்டிக்கொடுப்பதாக ஒப்பந்தம். மார்சீலியோ கான்கிராந்தேயின் பிரதிநிதியாகப் பதுவையிலேயே தொடர்ந்தார். அதே மார்சீலியோ 1337இல் வெனிஸோடு சேர்ந்து ஸ்காலாக்களைக் கவிழ்த்து ஊரை எடுத்துக்கொண்டார்.

---

ஞானதீபம்

இழையின் ஓட்டத்தைத் திருப்புவதற்கு மன்னியுங்கள், ஆனால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதே 1328 ஆகஸ்டில் மாந்துவா நகரில் பொனகோல்சி குடும்பத்தைக் கவிழ்த்து கொன்சாகா குடும்பம் ஆட்சியைப் பிடித்தது. அதற்குப் படை கொடுத்தவர் கான்கிராந்தே. அந்தக் கொன்சாகாக்களின் ஒரு கிளை பின்னாளில் காஸ்திலியோனே என்ற சிற்றூரை ஆண்டது. 1680இல் அந்த ஊரில் பிறந்தவர்தான் நம் வீரமாமுனிவர், தேம்பாவணி தந்தவர்.

---

தேன்மொழி_வாசகி

ஞானதீபம், மன்னிப்பெல்லாம் எதற்கு? காஸ்திலியோனே மாந்துவா பக்கம் என்று தெரியும், இந்த 1328 தொடர்பு தெரியாது. ரொம்ப சந்தோஷம்.

---

ஆற்றங்கரையான்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

என் கேள்விக்கு நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். விருந்தாளியையும் கைதியையும் எதிரெதிராக வைத்தது என் தவறு. தாந்தே சோற்றின் உப்பையும் எழுதினார், முசாத்தோ எதிரியின் துணிச்சலையும் எழுதினார். தனக்குக் கிடைத்த நன்மையையோ தீமையையோ தாண்டி இரண்டு பேருமே பார்த்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை நான் முதலில் வெற்றிச் சிரிப்பு என்று நினைத்தேன். மருந்துக்கடை எழுதியதைப் படித்த பிறகு அந்த முகத்தை அப்படி நினைக்க முடியவில்லை. கல்லறையை 1921இலும் ஒரு முறை திறந்திருக்கிறார்கள், அப்போது எடுத்த வாளும் பட்டுத் துணிகளும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கீழை நாடுகளிலிருந்து வந்த பட்டு. தங்க இழை இன்னும் மங்கலாக மின்னுகிறது. ஊர் ஊராகப் பிடித்தவரை நாலு நாளில் அந்தத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கேள்விக்குறி, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பதுவை விழுந்தபோது முசாத்தோ எங்கே இருந்தார்?

---

கேள்விக்குறி

கியோஜ்ஜாவில், வெனிஸ் பக்கத்துக் கடலோர ஊர். 1325இல் பதுவைக்காரர்களே அவரை நாடு கடத்திவிட்டார்கள். எந்த ஊரின் சுதந்திரத்துக்காக எழுதினாரோ அந்த ஊர் கான்கிராந்தேயிடம் போன செய்தி அவரை அங்கேதான் எட்டியிருக்கும். 1329 மே 31 அன்று கியோஜ்ஜாவிலேயே இறந்தார். கான்கிராந்தே இறக்க அப்போது இன்னும் ஏழு வாரமும் சொச்சமும் இருந்தது.